என் மகளுக்கு நான் சித்தப்பா

என் மனைவிக்கு ஏழாம் மாதம் முடிகிற சமயத்தில் காலும் முகமும் வீங்கின. பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம் என்று இருவருமே நினைத்துக்கொண்டோம். அப்போது மலேசியாவில் கிள்ளான் நகரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து ஊரான மேருவில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது எனக்கு வேலை. இன்றைக்கும் அதே வேலைதான். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவள் போன் செய்தாள்.

"கண்ணு மங்கலா தெரியுதுங்க. தல ரொம்ப வலிக்குது."

வேலை உடுப்போடு மோட்டார் சைக்கிளில் ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரர் காரில் அவளை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அன்று சாயங்காலமே அறுவை செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மேல்மாடிக்குக் கொண்டுபோனார்கள். என் மனைவி கீழே வேறொரு பிரிவில் கிடந்தாள். அவளால் எழுந்திருக்க முடியாததால் குழந்தையைப் படமெடுத்து வந்து காட்டினேன். கைப்பேசியை முகத்தருகே பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"மூக்கு உங்களோடது. பாவம்லா," என்று சிரித்தாள்.

மூன்றாம் நாள் அவளுக்கு மூளையில் இரத்தம் கசிந்தது. அன்று மாலைக்குள் போய்விட்டாள். மகளை அந்தச் சின்னத் திரையில் மட்டும்தான் பார்த்தாள்.

தகனம் முடிந்த மறுநாள் மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். குழந்தை தானாக மூச்சு விடுகிறது, யாராவது தினமும் வந்து தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். கருமாதி முடியாமல் பச்சைக் குழந்தை இருக்கிற இடத்துக்குப் போகக்கூடாது என்று உறவினர் ஒருவர் தடுத்தார். நான் கேட்கவில்லை. எனக்கும் பெற்றோர் இல்லை, அவளுக்கும் இல்லை. அவளுடைய அக்காவும் இரண்டு பிள்ளைகளோடு கோலாலம்பூரில் இருந்தார். நான் போகாவிட்டால் வேறு யார் போவார்கள்?

அந்தப் பிரிவில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ் மிஸ்ஸி இருந்தார். தாதியரை இங்கே நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் ஒரு சாய்வு நாற்காலியைக் காட்டினார்.

"சட்டையக் கழட்டிட்டு உக்காருங்கண்ணே."

"எதுக்கு மிஸ்ஸி?"

"பாப்பாவ உங்க நெஞ்சு மேல வெக்கப்போறேன். அவளுக்குச் சூடு வேணும். பொட்டிச் சூட்டவிட மனுசச் சூடு நல்லது."

"அதெல்லாம் அம்மாதானே செய்வாங்க?"

அவர் பெட்டியைத் திறந்துகொண்டே சொன்னார். "அம்மா இல்லல்ல அண்ணே. அப்பா நெஞ்சுக்கு மட்டும் என்ன கொறச்சல்? யாரு தெனமும் தூக்கி வெச்சிக்கிறாங்களோ, புள்ள அவங்களத்தான் தெரிஞ்சிக்கும்."

குழாய்களோடும் ஒயர்களோடும் அவளைத் தூக்கி என் நெஞ்சில் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு துணியால் சுற்றிக் கட்டினார். பாரமே தெரியவில்லை. நனைந்த துணி ஒன்று ஒட்டிக்கொண்டதைப் போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது வெதுவெதுப்பானது. பக்கத்துத் திரையில் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்த இதயத் துடிப்பின் எண் மெல்ல இறங்கி ஓரிடத்தில் நின்றது. "பாருங்க," என்றார் மிஸ்ஸி.

அழுகை வந்தது. ஆனால் அழுதால் நெஞ்சு குலுங்கும், குழந்தை விழித்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன். மனைவிக்காக அழ வேண்டிய அழுகையை அப்படித்தான் அடக்கினேன். அது பிறகு என்றைக்கும் முழுசாக வரவில்லை.

ஐந்து வாரம் தினமும் போனேன். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்க மாட்டேன். என்ன பேசுவதென்று தெரியாமல் தொழிற்சாலைக் கதைகளைச் சொன்னேன். எந்தச் சங்கிலி அறுந்தது, எந்த அடுப்பு சூடேற மறுக்கிறது, கைகளைப் போன்ற அச்சுகள் வரிசையாக ரப்பர் பாலில் எப்படி முங்கி எழும்புகின்றன என்றெல்லாம். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் நான் உள்ளே நுழைந்து, "குட் மார்னிங் மிஸ்ஸி" என்றதும் பெட்டிக்குள் அவள் கால்களை உதறினாள்.

"வேற யாரு குரலுக்கும் இப்படி ஆட மாட்டா," என்றார் மிஸ்ஸி. "உங்க குரல்தான் அவளுக்கு அத்துப்படி."

அன்றுதான், மனைவி இறந்த பிறகு முதல் முறையாகப் பசித்தது. கீழே போய் இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சம்பளமில்லா விடுப்பில் இரண்டு மாதம் அவளோடு இருந்தேன். எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா கழுத்தைத் தாங்கிக் குளிப்பாட்டச் சொல்லிக்கொடுத்தார். பால் கலக்கவும் ஏப்பம் வரவைக்கவும் நானாகவே கற்றுக்கொண்டேன். அழுகையைக் கேட்டே பசியா தூக்கமா என்று சொல்ல முடிந்தது. அந்த இரண்டு மாதங்களில் என்னைத் தெரிந்த அளவுக்கு அவளுக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் தெரியாது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. எதை விட்டுக்கொடுத்தேன் என்பது விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தொழிற்சாலையிலிருந்து சூப்பர்வைசர் இரண்டு முறை அழைத்துவிட்டார். அந்த வாரம் என் மனைவியின் அக்கா வந்தார். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கோலாலம்பூரில் சாலாக் செலாத்தான் பக்கம் கணவரோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் இருப்பவர். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கம்பியில் காய்ந்துகொண்டிருந்த சின்னச் சட்டைகளைப் பார்த்துக் கண் கலங்கினார்.

"ஆம்பள ஒத்தையா பொம்பளப் புள்ளைய எப்படி வளப்பீங்க தம்பி? வேலைக்கும் போவணும். நான் வெச்சிக்கிறேன். ஒரு வயசு ஆவட்டும். லீவு அன்னிக்கெல்லாம் வந்து பாத்துட்டுப் போங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. சரி அண்ணி என்றேன். அப்போது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். மூன்று மாதமாக நான் சரியாகத் தூங்கியிருக்கவில்லை.

கிள்ளானிலிருந்து ரயிலில் போனோம். பிரிக்பீல்ட்ஸ் பெரிய நிலையத்தில் இறங்கி, சாலாக் செலாத்தான் போகும் வேறு ரயிலுக்கு மாற வேண்டும். நடைமேடை இருக்கையில் ஒரு அம்மாள், "பாப்பாவோட அம்மா வரலியா?" என்று கேட்டார். வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். "நல்லா பாத்துக்கிறீங்க," என்றார். மகளைக் கொண்டுபோய் விடுவதற்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

முதல் மூன்று ஞாயிறும் தவறாமல் போனேன். என் குரல் வாசலில் கேட்டதுமே தலையைத் திருப்புவாள். நான்காவது ஞாயிற்றுக்குள் கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டது. எல்லாக் கடையும் மூடின. ஆனால் கையுறைத் தொழிற்சாலை மூடுமா? உலகம் முழுக்கக் கையுறை கேட்டது. ஆறு நாள் வேலை ஏழு நாளானது. நெடுஞ்சாலையில் போலீஸ் தடுப்பு இருந்தது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குள் நுழையக் கடிதம் வேண்டும். மகளைப் பார்க்கப் போகிறேன் என்று ஒரு முறை போய்ப் பார்த்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அண்ணி தினமும் வீடியோவில் அழைப்பார். முதல் மாதம் என் குரல் வந்ததும் மகள் கையை ஆட்டினாள். இரண்டாம் மாதம் போனைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தாள். மூன்றாம் மாதம் அண்ணி, "அப்பா பாரு, அப்பா பாரு," என்று காட்டிக்கொண்டே இருக்க, அவள் திரைக்குப் பின்னால் சுழலும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டுப்பாடு தளர்ந்த முதல் ஞாயிறு நான் போனபோது அவளுக்கு ஏழு மாதம். தொழிற்சாலையிலிருந்து வருகிறவன் என்பதால் முகக்கவசத்தைக் கழற்றவில்லை. அண்ணியின் கணவர், என் சகலை, கதவைத் திறந்தார். மகள் அவர் இடுப்பில் இருந்தாள். நன்றாகச் சதை போட்டிருந்தாள். நான் கையை நீட்டினேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கீழுதடு பிதுங்கியது. அப்புறம் கத்தினாள். பயந்து கத்துகிற கத்தல். கவசத்தைக் கழற்றினால் தெரிந்துகொள்வாள் என்று கழற்றினேன். இன்னும் பலமாகக் கத்தி, சகலையின் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பழகிடும் தம்பி," என்றார் சகலை. அவருக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லோரி ஓட்டுகிறவர், வாட்டசாட்டமான மனிதர். அந்த நேரத்தில் எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் போல நின்றார்.

அடுத்த தடுப்பூசிக்கு நானும் கிளினிக்குக்கு அவர்களோடு போனேன். அங்கிருந்த மிஸ்ஸியிடம் கேட்டேன். "ஏழெட்டு மாசத்துல எல்லாப் புள்ளைங்களும் அப்படித்தான் பண்ணும். தெரியாத மொகத்துக்குப் பயப்படும். வளர்ச்சி நல்லா இருக்குன்னு அர்த்தம்லா," என்றார். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு 'தெரியாத முகம்' என்கிற சொல் மட்டும்தான் காதில் நின்றது.

அண்ணி ஒரு வழி சொன்னார். "அழுதா அழுதுட்டுப் போறா. நீங்க எந்திரிச்சிப் போவாதீங்க. பக்கத்துலயே சும்மா உக்காருங்க. தூக்க வேணாம். தெனம் முடியாட்டியும் வாரம் ஒருக்கா வந்து உக்காருங்க. தானா வருவா."

அண்ணி சொன்னது சரி. அப்போதே தெரியும். ஆனால் என்னைப் பார்த்ததும் அவள் அழுவதை, என் நெஞ்சில் தூங்கியவள் என்னிடமிருந்து தப்பிக்கக் கையை நீட்டுவதை, என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு ஞாயிறு உட்கார்ந்தேன். மூன்றாவது ஞாயிறு ஓவர்டைம் என்று பொய் சொன்னேன். நான்காவதும் அதே பொய். ஐந்தாவது ஞாயிறு அண்ணி, "இன்னிக்கும் ஓவர்டைமா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கிள்ளானில் வீட்டில் கட்டிலில் படுத்திருந்தேன். நோய் என்னைப் பிரித்தது, சட்டம் பிரித்தது என்று வெளியாட்களிடம் சொல்வேன். அந்த மூன்று ஞாயிறும் என்னைப் பிரித்தது நான்தான்.

அதற்குப் பிறகு மறுபடியும் கட்டுப்பாடு வந்தது. எங்கள் தொழிற்சாலையில் தொற்று பரவி எனக்கும் கண்டது. தனிமை முடிந்து, சாலை திறந்து, நான் போவதற்குள் அவளுடைய முதல் பிறந்தநாள் முடிந்துபோயிருந்தது. நடக்கப் பழகியிருந்தாள். இந்த முறை அழவில்லை. அண்ணியின் பெண்கள் இரண்டு பேரும் ஓடிவந்து, "சித்தப்பா வந்தாச்சி!" என்றார்கள். அவர்களுக்குப் பின்னால் தத்தித் தத்தி வந்து நின்று, என்னை நிமிர்ந்து பார்த்து, "தப்பா," என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, "சித்தப்பா இல்லடி. அப்பா. அப்பா சொல்லு," என்றார். குழந்தை திரும்பி, ஜன்னலோரம் நின்ற சகலையைக் கை காட்டி, "அப்பா," என்றாள். கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்ட பெருமை அவள் முகத்தில் இருந்தது.

ஒரு வயதானதும் அழைத்துக்கொள்வது என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை. அவளுக்கு இரண்டரை வயதானபோது திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவெடுத்தேன். பகல் ஷிப்ட் மட்டும் கேட்டு வாங்கினேன். பகலில் பார்த்துக்கொள்ள எங்கள் மாடியிலேயே பிள்ளை பார்க்கும் ஒரு ஆன்டியை ஏற்பாடு செய்தேன். அண்ணி வீட்டில் போய்ச் சொன்னபோது சகலை தயங்கினார். "கொஞ்சம் கொஞ்சமா பழக்கிட்டு அப்புறம் கூட்டிட்டுப் போவலாமே தம்பி. மொதல்ல சனி ஞாயிறு மட்டும்..." என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்த ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. "எம் பொண்டாட்டி செத்ததுல உங்களுக்கு ஒரு புள்ள கெடைச்சிருச்சி. அதான் விட மனசில்ல," என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார். அண்ணி குழந்தையின் துணிகளை மடித்து ஒரு பையில் வைத்தார். செத்துப்போனவள் தன் தங்கை என்பதை அவர் எனக்கு நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்தியிருக்கலாம்.

கிள்ளானில் மகள் ஆறு நாள் இருந்தாள். முதல் மூன்று நாள் அழுதாள். காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கதவருகே உட்கார்ந்து, "அப்பாகிட்ட போலாம் சித்தப்பா," என்று மரியாதையாகக் கேட்டாள். தன்னைத் தூக்க விட்டாள், ஊட்ட விட்டாள். ஆனால் உடம்பு மரக்கட்டை போல விறைத்திருக்கும். நான்காம் நாள் அழுகை நின்றது. எனக்குச் சந்தோஷம். வேலை முடிந்து வந்ததும் ஆன்டியிடம், "பழகிட்டா போல," என்றேன்.

அவர் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் வளர்த்த கை. தலையை ஆட்டினார். "பழகலண்ணே. அழறத நிறுத்திட்டா, அதான் எனக்குப் பயமா இருக்கு. குடுத்தா வாங்கிக்கிறா. எதையும் கேக்க மாட்டேங்குறா. வெளையாட்டுச் சாமான முன்னால போட்டா பாத்துக்கிட்டே உக்காந்திருக்கா. கேட்டா யாரும் வர மாட்டாங்கன்னு புள்ள முடிவு பண்ணிருச்சி."

அன்று அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு பிசைந்தேன். கொடுத்த வாயை எல்லாம் வாங்கினாள். போதுமா என்றேன். பதில் இல்லை. இன்னும் வேணுமா என்றேன். அதற்கும் இல்லை. நான் பிசைந்துகொண்டே இருந்தால் அவள் தின்றுகொண்டே இருப்பாள் என்று தோன்றியது. கையைக் கழுவிவிட்டுச் சமையலறையில் நின்றேன். ஒரு முறை இவளை இவளுக்குத் தெரிந்த ஒரே நெஞ்சிலிருந்து பிரித்துக் கொடுத்தேன். இப்போது இரண்டாவது முறையும் அதையே செய்கிறேன். முதல் முறை அவளுக்கு ஞாபகமிருக்காது என்று சொல்லலாம். இது இருக்கும்.

இன்னும் பத்து நாள் பொறுத்திருந்தால் என்னிடம் வந்திருப்பாளோ என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வந்திருக்கலாம். எனக்குத் தெரியாது.

அண்ணிக்குப் போன் செய்துவிட்டுச் சனிக்கிழமை காலை ரயிலேறினோம். சாலாக் செலாத்தான் நிலையத்தில் சகலை நின்றார். நடைமேடையில் அவரைப் பார்த்ததும் என் கையை உதறிவிட்டு ஓடினாள். அவர் முட்டி போட்டு வாங்கிக்கொண்டார். அவள் அழவில்லை. அவர் முகத்தில் இரண்டு கையாலும் மாறி மாறி அடித்தாள். ஏன் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்கிற அடி. அவர் அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டார்.

"அன்னிக்கிப் பேசுனதுக்கு மன்னிச்சிருங்கண்ணே," என்றேன்.

"நீங்க சொன்னதுல பொய் இல்ல தம்பி," என்றார். "நான் ஆசப்பட்டுட்டேன். ஆனா நீங்க கொண்டாராம இருந்திருந்தாலும் நான் கேட்டு வந்திருக்க மாட்டேன். ஒங்க புள்ள."

அதன் பிறகு நான் ஒரு ஞாயிறையும் விடவில்லை. அவளைத் தூக்கவோ கூட்டிப்போகவோ முயலாமல் போய் உட்கார்ந்தேன். அண்ணி சொல்லிக் கொடுத்த காலத்தில் செய்யாததை இரண்டு வருடம் தாமதமாகச் செய்தேன். மெதுவாக வந்தாள். படம் வரைந்து காட்டினாள். பல் விழுந்ததைக் காட்டினாள். என்னைப் பிடிக்கும். நல்ல சித்தப்பாவைப் பிடிப்பது போலப் பிடிக்கும்.

போன வருடம் பள்ளியில் பதிவதற்குப் பிறப்புப் பத்திரம் எடுத்தபோது அண்ணி அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தங்கையின் போட்டோவைக் காட்டி, உன்னைப் பெற்றவள் இவள்தான் என்றாராம். அந்த ஞாயிறு நான் போனபோது அண்ணி சமையலறையில் இருந்தார். மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, நீங்கதான் என் அப்பாவாம். அம்மா சொன்னாங்க."

"ஆமாம்மா."

"அப்போ ஏன் என்னைய இங்க குடுத்தீங்க?"

வேலை என்று சொல்லலாம். நோய்க்காலம் என்று சொல்லலாம். "தனியா உன்னைப் பாத்துக்க எனக்குத் தெரியலம்மா," என்றேன்.

"அப்பாகிட்ட கேட்டிருக்கலாம்ல. அவரு சொல்லிக் குடுத்திருப்பாரு."

"கேக்கத் தோணலம்மா."

சரி என்று தலையை ஆட்டினாள். எழுந்து அக்காமார்களோடு விளையாடப் போனாள்.

இந்த வருடம் ஒன்றாம் வகுப்பு. முதல் நாள் நாங்கள் எல்லோருமே போயிருந்தோம். வகுப்பு வாசலில் எத்தனையோ பிள்ளைகள் அப்பாமார் காலைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆசிரியை எங்களைப் பார்த்து, "யாரு அப்பா?" என்று கேட்டார். சகலை என்னைக் கை காட்டினார். மகள் அதைக் கவனிக்காமல், "இது அப்பா, இது சித்தப்பா," என்று ஒவ்வொருவராகத் தொட்டுச் சொன்னாள். யாரும் திருத்தவில்லை. பிறகு பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு உள்ளே போய், அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பென்சில் பெட்டியைத் திறந்து காட்டினாள். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. திரும்பிப் பார்க்காமல் போகிற தைரியம் ஒரு பிள்ளைக்குச் சும்மா வராது. எப்போது திரும்பினாலும் நின்ற இடத்தில் ஒருவர் இருப்பார் என்று ஆறு வருடம் பார்த்துப் பார்த்துத்தான் வரும். அந்த ஒருவர் என் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மதிய ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. இருவரிடமும் சொல்லிக்கொண்டு மேருவுக்குக் கிளம்பினேன்.